கேட்டுக் கும்பிடலாமா?

அன்புள்ள ஐயா,

தேய்பிறை அஷ்டமிக்கு அம்மாவோடு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போவேன். தம்பி கடன் அடைய வேண்டும் என்று அம்மா சாம்பல் பூசணியில் விளக்கு போடுகிறார். என் கணவரோ, "இது வெறும் வேண்டுதல், பக்தி என்றால் எதுவும் கேட்கக் கூடாது" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து சாமி முன்னால் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்டுக் கும்பிடுவது பக்தி ஆகாதா?

வாசகி, தருமபுரி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆகும். கூச்சமே வேண்டாம்.

கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னைத் தொழுபவர்களை நால்வராகச் சொல்கிறான்: துன்பத்தில் தவிப்பவன், அறிய விரும்புபவன், பொருள் வேண்டுபவன், ஞானி. ஞானியே தனக்கு மிகவும் பிரியமானவன் என்கிறான், உண்மைதான். ஆனால் நால்வருமே மேலானவர்கள் என்றும் அதே இடத்தில் சொல்கிறான். உங்கள் அம்மாவுக்கும் அதில் இடம் இருக்கிறது.

தேவாரம் பாடிய நம் சுந்தரரை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டையூரில் அவருக்கென்று நெல் மலையாகக் குவிந்து கிடக்கிறது, திருவாரூருக்குக் கொண்டுபோக ஆளில்லை. நேராகத் திருக்கோளிலி சிவன் கோயிலுக்குப் போய், ஆள் அனுப்பு என்று பதிகம் பாடுகிறார். வீட்டில் மனைவி பரவையார் வாடக் கூடாது என்பதையும் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார். மளிகைக் கவலையைச் சாமியிடம் சொன்னவர்தான் தம்பிரான் தோழர், இறைவனுக்கே தோழர் என்று பெயர் பெற்றவர்! பின்னாளில் இன்னொரு மனைவி சங்கிலியாருக்கு, பிரிய மாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறி இரண்டு கண்ணும் போனபோதும் கேட்டார். காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. இன்னொன்றுக்குத் திருவாரூர் வரை தடுமாறி நடந்து, அங்கே இறைவனிடம் உரிமையோடு கோபித்துக்கொண்டார். பாடுவதை மட்டும் நிறுத்தவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கேட்டது கிடைக்காத நாளிலும் இறைவனிடமே போய் நிற்க முடிகிறதா?

"இத்தனை வாரம் விளக்கு போட்டால் கடன் தீரும்" என்று உத்தரவாதம் தருகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கெடு முடிந்ததும் கோயிலையே வெறுக்க வைத்துவிடுகிறார்கள். உங்கள் அம்மா அப்படி இல்லை என்று நினைக்கிறேன். அந்தக் கோயிலில் நானும் பார்த்திருக்கிறேன்: பூசணியை இரண்டாக அரிந்து, விதையை வழித்தெடுத்து, எண்ணெய் ஊற்றி, திரி அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்தில் யாரோ ஒருத்தியின் விளக்கு அணைந்தால் தன் விளக்கைச் சாய்த்துக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் கடன் நினைப்பு எங்கே இருக்கிறது?

அடுத்த அஷ்டமிக்கும் போங்கள். தம்பிக்காக வாய்விட்டுக் கேளுங்கள். கடன் அடைந்த பிறகு வரும் அஷ்டமிக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.