அந்த ஒரு வரிக் குறிப்பு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பல்கலைக்கழகம் ஒன்றில் இளங்கலை உளவியல் மாணவர்களுக்கு நான்கு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். இந்த ஆண்டு எங்கள் துறையில் 'வேலைக்குத் தயாராதல்' என்று தனியாக ஒரு தாள் சேர்த்து, அதை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். ரெஸ்யூமே எழுதச் சொல்லித் தருகிறேன், மாதிரி நேர்காணல் வைக்கிறேன், வெளியிலிருந்து ஆட்களை அழைத்துப் பேசவைக்கிறேன். ஆனாலும் இறுதியாண்டு மாணவர்கள், "மேலே படித்து கவுன்சிலர் ஆகாவிட்டால், இந்தப் படிப்பை வைத்து எங்களுக்கு என்ன செய்யத் தெரியும்?" என்றே கேட்கிறார்கள். மூத்த பேராசிரியர் ஒருவரோ, பல்கலைக்கழகம் நிறுவனங்களுக்கு ஆள் தயாரித்துத் தரும் இடம் இல்லை, இந்தத் தாளே வேண்டாம் என்கிறார். நீங்கள் பாடமும் நடத்தியிருக்கிறீர்கள், நிறுவனங்களிலும் வேலை பார்த்திருக்கிறீர்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

மாணவர்கள் கேட்ட அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. இத்தனை ஆண்டு படித்த பிள்ளைகள் அப்படிக் கேட்கும்போது, பாடம் நடத்திய நாம்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

பேராசிரியர் சொன்னதை முதலில் பார்த்துவிடுகிறேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தன் உளவியல் ஆய்வகத்தைத் தொடங்கியது 1879இல்; நம் துறை பிறந்ததாகச் சொல்லும் ஆண்டு அது. அவரிடம் படித்த லைட்னர் விட்மர் 1896இலேயே குழந்தைகளின் கற்றல் சிக்கல்களுக்காக ஓர் உளவியல் சிகிச்சையகம் திறந்துவிட்டார். வுண்டின் இன்னொரு மாணவரான ஹியூகோ மியூன்ஸ்டர்பெர்க், டிராம் ஓட்டுநர்களுக்கும் தொலைபேசி இணைப்பாளர்களுக்கும் தேர்வுமுறைகள் வகுத்தார். நம் துறை பிறந்த இருபது முப்பது ஆண்டுகளிலேயே வேலையிடத்துக்குள் போய்விட்டது. ஆனால் உங்கள் பேராசிரியர் பயப்படுவதிலும் காரணம் இருக்கிறது. ரெஸ்யூமே வகுப்புக்கு இடம் வேண்டும் என்று புள்ளியியலையோ ஆய்வு முறையியலையோ குறைத்தால் அது பெரிய தவறு. மாணவர்கள் கையில் இருக்கும் மூலதனமே அதுதான்.

சரி, மூலதனம் கையில் இருந்தும் அது அவர்களுக்கு ஏன் தெரியவில்லை? அதற்கான விடை நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. உளவியலாளர் கார்ல் டங்கரின் கதிர்வீச்சுப் புதிரை நீங்களே நடத்தியிருப்பீர்கள். வயிற்றில் ஒரு கட்டி. அதை அழிக்கும் அளவுக்குக் கதிரைப் பாய்ச்சினால் சுற்றியுள்ள நல்ல திசுவும் அழிந்துவிடும். என்ன செய்வது? 1980களின் தொடக்கத்தில் மேரி கிக், கீத் ஹோல்யோக் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் புதிரைக் கொடுப்பதற்கு முன் ஒரு கதையைப் படிக்கவைத்தார்கள். கோட்டைக்குப் போகும் வழியெல்லாம் கண்ணிவெடி. பெரிய படை போனால் வெடிக்கும். தளபதி படையைச் சிறு குழுக்களாகப் பிரித்து, எல்லா வழிகளிலும் அனுப்பி, ஒரே நேரத்தில் கோட்டையில் சேரவைக்கிறார். புதிரின் விடையும் இதேதான்: வலுக் குறைந்த கதிர்களைப் பல திசைகளிலிருந்து கட்டியில் குவிக்க வேண்டும். கதை படிக்காதவர்களில் சுமார் 10 சதவீதம் பேர்தான் விடையைக் கண்டார்கள். கதையைச் சற்று முன்புதான் படித்தவர்களிலும் ஏறத்தாழ 30 சதவீதம்தான். "நீங்கள் படித்த கதை இதற்கு உதவும்" என்று ஒரு வரி சொன்னதும் அது 75 சதவீதத்தை எட்டியது.

உங்கள் மாணவர்கள் கதையைப் படித்துவிட்டார்கள். அந்த ஒரு வரியை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மென்பொருள் படிவங்களை மக்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு ஆள் எடுத்தோம். உளவியல் படித்த ஒரு பெண் வந்தார். என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஸ்ட்ரூப் சோதனை செய்தேன், முடிவு புள்ளியியல் ரீதியாகப் பொருளுடையதாக வந்தது" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். என் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது ஒன்றும் புரியவில்லை. நான் தோண்டிக் கேட்டேன். ஆட்களை எப்படிச் சேர்த்தீர்கள்? எங்கே சிக்கல் வந்தது? அப்போதுதான் வெளியே வந்தது. ஸ்ட்ரூப் சோதனையில் 'சிவப்பு' என்ற சொல்லை நீல எழுத்தில் காட்டுவது போல நிறப் பெயர்களை வேறு நிறத்தில் காட்டுவார்கள். எழுத்தின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் முதலில் வந்தவர்களில் சிலர் சொல்லையே வாசித்திருக்கிறார்கள். அறிவுறுத்தல்தான் குழப்புகிறது என்று கண்டுபிடித்து, அதைத் திருத்தி எழுதி, இரண்டு மூன்று பேரிடம் சரிபார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். நாங்கள் ஆள் தேடிய வேலையே அதுதான்! அவரை எடுத்துக்கொண்டோம். நான் அன்று அந்த அறையில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

அதனால் தனித் தாளை மட்டும் நம்பாதீர்கள். அந்த ஒரு வரிக் குறிப்பு ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் வர வேண்டும். செய்முறை வகுப்பு ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: இதில் நான் கையால் செய்தது என்ன, எது கெட்டுப்போனது, எப்படிச் சரிசெய்தேன், இதே காரியத்தை வேறு எந்த வேலையில் இருப்பவர் செய்வார். கடைசிக் கேள்விக்கு முதலில் விடை வராது. நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நான்கைந்து முறைக்குப் பிறகு அவர்களே தேடத் தொடங்குவார்கள்.

அப்புறம், தரவு. வகுப்பில் நாம் கொடுக்கும் தரவு கழுவித் துடைத்து வைத்தது மாதிரி இருக்கும். அலுவலகத்தில் அப்படி வராது. ஒரே ஆள் இரண்டு முறை பதிந்திருப்பார், வயது 230 என்று இருக்கும், பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும். அப்படிப்பட்ட தரவையே கொடுத்து, எதை நீக்கினேன், ஏன் நீக்கினேன் என்று எழுதவையுங்கள். கண்டதை உளவியல் தெரியாத ஒருவர் படித்து முடிவெடுக்கும்படி, கலைச்சொல் இல்லாமல் இரண்டு பக்கத்தில் சொல்லவும் பழக்குங்கள். இன்டர்ன்ஷிப் கிடைத்தால் நல்லதுதான். கிடைக்காதவர்களுக்கும் இது கிடைக்கும்.

மாதிரி நேர்காணலையும் கொஞ்சம் மாற்றலாம். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்பே வகுத்த மதிப்பெண் அளவுகோல் என்று அமைத்த நேர்காணல், மனம் போன போக்கில் கேட்பதைவிட வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது. ஷ்மிட், ஹண்டர் என்ற ஆய்வாளர்கள் 1998இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒட்டுறவுக் கெழு (1ஐ நெருங்க நெருங்கக் கணிப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள்) முறையே 0.51, 0.38 என்று வந்தது. 2022இல் சாக்கெட் குழுவினர் இந்த எண்களைத் திருத்திக் குறைத்தார்கள். அப்போதும் கட்டமைத்த நேர்காணல்தான் முதலிடத்தில் நின்றது. ஆய்வக உதவியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலை மாணவர்களையே வடிவமைக்கச் சொல்லுங்கள். கேள்வி எழுதி, மதிப்பெண் போட்டு, இருவர் போட்ட மதிப்பெண் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடட்டும். மேசையின் அந்தப் பக்கம் ஒருமுறை உட்கார்ந்தவருக்கு, தன் பதில்களில் என்ன குறைகிறது என்று தானாகவே தெரியும்.

இன்னொன்றை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை. எனக்கு அதில்தான் கவலை அதிகம். உளவியல் பட்டதாரி வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அலுவலகத்தின் மனநல ஆலோசகராக ஆக்கப்பட்டுவிடுகிறார். சக ஊழியர் தன் துயரத்தைக் கொட்டுவார். மேலாளர், "இவர்களில் யார் வேலையை விட்டுப் போவார் என்று சொல்லேன்" என்பார். எம்பிடிஐ மாதிரியான ஆளுமை வகைச் சோதனையைக் கொடுத்து ஆள் எடுக்கச் சொல்வார்கள். அதை வெளியிடும் நிறுவனமே ஆள் தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இளங்கலைப் பட்டம் யாருக்கும் சிகிச்சை தரும் உரிமையைக் கொடுப்பதில்லை. காது கொடுத்துக் கேட்கலாம், தகுதி உள்ளவரிடம் அனுப்பிவைக்கலாம், கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்கலாம். மேலாளரிடம் "இதை நான் செய்யக் கூடாது, காரணம் இது" என்று மரியாதையாகச் சொல்வதை வகுப்பில் நடித்தே பழக வேண்டும். அறநெறிப் பாடத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, சம்பளம் கொடுப்பவர் எதிரே நிற்கும்போது வாய் வராது. எனக்கே முதல் முறை வரவில்லை. யாரோ என்னை நம்பிச் சொன்னதை மேலதிகாரி கேட்டதும் ஒப்பித்துவிட்டேன். அந்தச் சக ஊழியர் அதன்பிறகு என்னிடம் பேசவே இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த செய்முறை வகுப்பின் கடைசி இருபது நிமிடத்தை ஒதுக்கி, அந்த ஒரு பக்கத்தை எழுதவையுங்கள். இதற்குப் பாடத்திட்டக் குழுவின் அனுமதி தேவைப்படாது. மூத்த பேராசிரியரையும் வகுப்புக்கு அழையுங்கள். நினைவாற்றல் சோதனை நடத்தத் தெரிந்தவர் வேறு எங்கெல்லாம் பயன்படுவார் என்று உங்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கலாம். எழுதியவற்றில் இரண்டு மூன்றை மாணவர்களிடம் கேட்டுக்கொண்டு எனக்கு அனுப்பிவையுங்கள். கடைசிக் கேள்வியைக் காலியாக விட்ட பக்கங்களைக் கட்டாயம் அனுப்புங்கள். என்ன எழுதலாம் என்று நானும் உட்கார்ந்து யோசிக்கிறேன்.

அன்புடன்.