ஹஜ்ஜுக்குப் போகும் உம்மாவின் பாதங்கள்

கேள்வி: சீனி வருத்தமுள்ள என் உம்மா இம்முறை ஹஜ்ஜுக்குப் போகிறார். பாதங்களில் உணர்வு குறைவு. எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, காத்தான்குடி

பதில்: ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு தடவை நடக்கும் சஃயில் மட்டுமே ஏறக்குறைய 3 கிலோமீற்றர் நடக்க நேரும். உணர்வு குறைந்த பாதத்தில் கொப்புளம் வலிக்காது என்பதே பெரிய ஆபத்து. ஆகவே இரவுதோறும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் உடன் செல்பவர் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இஹ்ராமில், அதாவது ஹஜ்ஜுக்கான கட்டுப்பாட்டு நிலையில், பெண்களுக்குக் காலுறை தடையில்லை என்பதால், பள்ளிவாசலின் பளிங்குத் தரையில் பருத்திக் காலுறையோடு நடக்கட்டும். செருப்பை வாசலில் விடாமல் பையிலிட்டுத் தோளிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். அது தொலைந்து, வெயிலில் கொதிக்கும் நிலத்தில் வெறுங்காலுடன் நடந்தால் உள்ளங்கால் வெந்துபோவதுகூட அவருக்குத் தெரியாது. புதுச் செருப்பென்றால் இப்போதே போட்டுப் பழகட்டும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். புறப்படுமுன் கிளினிக்கில் பாதங்களைக் கட்டாயம் காட்டுங்கள். நடக்க வேண்டாமென்று வைத்தியர் சொன்னால், சக்கர நாற்காலியில் தவாபும் (கஃபாவைச் சுற்றி வருதல்) சஃயும் செய்ய மார்க்கத்தில் இடமுண்டு, அதற்காக உம்மா மனம் நோகத் தேவையில்லை.