போக ஒன்றரை மணி, வர மூன்றரை மணியா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன், அங்கிருந்து பாங்காக் போய்வர எங்களுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறான். போகும்போது காலை 9.30-க்குப் புறப்பட்டு 11 மணிக்குச் சேர்வதாகவும், திரும்பும்போது பகல் 12 மணிக்குப் புறப்பட்டு பிற்பகல் 3.30-க்குச் சேர்வதாகவும் அதில் இருக்கிறது. ஒரே தூரத்துக்கு இரண்டு மணி நேர வித்தியாசம் எப்படி? எதிர்க்காற்றா?
- வாசகர், கூத்தாநல்லூர்

பதில்: காற்றின் மேல் பழி வேண்டாம். சாங்கி விமான நிலையத்திலிருந்து பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 1,400 கிலோமீட்டர். வழி பெரும்பாலும் வடக்கு நோக்கியே போவதால், மேற்கும் கிழக்குமாக வீசும் காற்று பெரிதாகக் கூட்டிக் குறைப்பதில்லை. போனாலும் வந்தாலும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்தான். அதிலும் வானத்தில் இருப்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து சென்று முறைக்குக் காத்திருந்து, இறங்கிய ஊரில் மறுபடி நிற்கும் வரை உள்ள நேரம் முழுவதையும் அட்டவணையில் சேர்த்தே போடுகிறார்கள்.

வித்தியாசம் கடிகாரத்தில் இருக்கிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். பாங்காக் நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பிந்தியது. ஆகவே நீங்கள் புறப்படும் 9.30 என்பது பாங்காக்கில் 8.30. திரும்பும்போது அங்கே பகல் 12 என்றால் சிங்கப்பூரில் பிற்பகல் 1 மணி.

சூரியனைக் கேட்டால் இந்த ஒரு மணி நேரத்தை அது ஒப்புக்கொள்ளாது. இரண்டு நகரங்களுக்கும் தீர்க்கரேகையில் மூன்றேகால் பாகைதான் வித்தியாசம். பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் பதின்மூன்று நிமிடம் வரும். மீதியெல்லாம் அரசாங்கம் வைத்த முள். 1981 முடியும் வரை சிங்கப்பூர், கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முந்தியிருந்தது. நமக்கும் அதற்கும் இரண்டு மணி என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் கணக்குச் சொல்வது அந்தக் காலத்து நேரத்தை வைத்துத்தான். தீபகற்ப மலேசியா தன் நேரத்தை சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்க அரை மணி முன்னே தள்ளியபோது, சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1 முதல் கூடவே தள்ளிக்கொண்டது. அங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே பொழுது விடிவதற்கு இதுவே காரணம்.

கேள்வி: திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக பாங்காக் போவது சுற்றுவழியா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: நல்ல சுற்று. திருச்சியிலிருந்து பாங்காக் நேர்க்கோட்டில் 2,400 கிலோமீட்டர் அளவுதான். சிங்கப்பூர் போய் அங்கிருந்து பாங்காக் போனால் 4,400-ஐத் தொடும். சிங்கப்பூரில் உறவினரைப் பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்த வழி சரி. பாங்காக்கில் டான் முவாங் என்று இன்னொரு விமான நிலையமும் உண்டு. நகரின் வடக்கே இருக்கிறது. அழைத்துப்போக வருகிறவரிடம் எந்த நிலையம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.