குச்சியைத் துடைத்துப் பார்த்தீர்களா?

பைக் இன்ஜின் ஆயில் பற்றி வந்த கேள்விகள் நிறைய. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, பதில் எழுதியிருக்கிறேன். பட்டறையில் தினமும் பார்ப்பதை வைத்துத்தான் எழுதுகிறேன். உங்கள் வண்டியோடு வந்த புத்தகம் வேறு அளவு சொன்னால் புத்தகத்தையே நம்புங்கள்.

என்னிடம் ஸ்பிளெண்டர் இருக்கிறது. ஆயில் மூடியோடு சேர்ந்திருக்கும் அளவுக் குச்சியைத் திருகி மூடிவிட்டு எடுத்தால் அளவு சரியாகக் காட்டுகிறது. திருகாமல் வைத்து எடுத்தால் குறைவாகக் காட்டுகிறது. எது சரி?
- தேனி வாசகர்

திருகாமல் வைத்துப் பார்ப்பதுதான் சரி. திருகினால் குச்சி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும், அதனால் இல்லாத ஆயில் இருப்பது போலத் தெரியும். சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். அப்புறம் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க வேண்டும். குச்சியை எடுத்து நன்றாகத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உட்கார வைத்து எடுத்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் தெரிய வேண்டும், மேல் கோட்டை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. சைடு ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். வண்டி இடது பக்கம் சாய்ந்திருக்கும், குச்சியோ வலது பக்கம், ஆயில் அந்தப் பக்கம் ஓடிவிடுவதால் குறைவாகக் காட்டும், நீங்களும் தேவையில்லாமல் ஊற்றிவிடுவீர்கள். பல்சர், புல்லட் மாதிரி வண்டிகளில் இன்ஜின் ஓரத்தில் சின்னக் கண்ணாடி இருக்கும். அதற்கும் இதே முறைதான், வண்டியை நேராக நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால் போதும்.

இந்த ஒரு வேலையை வாரம் ஒரு முறை செய்யுங்கள் என்று எங்கள் பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். ஒரு பால்காரர் வண்டி ஞாபகம் வருகிறது. தினமும் விடியற்காலையில் அறுபது கிலோமீட்டர் ஓட்டுவார், நல்ல கம்பெனி ஆயில்தான் போடுவார், தேதி தவறாமல் மாற்றுவார். ஆனால் ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் நடுவில் குச்சியைத் தொட்டதே இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்து, இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள் நடுரோட்டில் இன்ஜின் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே கால் லிட்டர்கூட இல்லை. பிஸ்டன், சிலிண்டர் போர், கனெக்டிங் ராடு எல்லாம் போய்விட்டது. நூறு ரூபாய்க்கு ஆயில் வாங்கிச் சேர்த்திருந்தால் அந்த இன்ஜின் பிழைத்திருக்கும், அவருக்கும் இரண்டு வாரப் பிழைப்பு போயிருக்காது.

ஆயில் மாற்றி ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அதற்குள் கறுத்துவிட்டது. கடைக்காரர் பழைய ஆயிலை ஊற்றி ஏமாற்றிவிட்டாரா?
- கரூர் வாசகர்

நிறத்தை வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. இன்ஜினுக்குள் இருக்கிற கரியையும் அழுக்கையும் கழுவித் தன்னோடு வைத்துக்கொள்வதும் ஆயிலின் வேலைதான். கறுத்தால் அந்த வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் அடுத்த முறை சீல் உடைக்காத கேனை உங்கள் கண்ணெதிரில் திறந்து ஊற்றச் சொல்லுங்கள். காலி கேனை அங்கேயே நசுக்கியோ கத்தியால் கீறியோ போட்டுவிட்டு வாருங்கள், அதில் கண்டதை நிரப்பி மறுபடி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கம்பெனி புத்தகத்தில் ஆறாயிரம் கிலோமீட்டர் என்று இருக்கிறது, மெக்கானிக் இரண்டாயிரத்தில் மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஈரோடு வாசகர்

புத்தகம் சொல்வதை முழுதாகப் படியுங்கள். ஆறாயிரம் என்று போட்டிருக்கிற 100 சிசி வண்டிகள் பலவற்றின் புத்தகத்திலேயே மூவாயிரத்தில் குறைந்ததை ஊற்றி நிரப்பச் சொல்லியிருப்பார்கள். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. ராயல் என்ஃபீல்டின் புதிய 350 வண்டிகளுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று கணக்கு. அது செமி சிந்தெட்டிக் (செயற்கை கலந்த) ஆயிலை வைத்துச் சொன்ன கணக்கு, சாதா மினரல் ஆயிலை ஊற்றிவிட்டு அதே தூரம் ஓட்டக் கூடாது. மெக்கானிக் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குவாரி ரோடு, செங்கல் சூளை மண் ரோடு, வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்புகிற ஓட்டம், இதெல்லாம் ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்தினால் உள்ளே சேர்கிற ஈரமும் பெட்ரோல் ஆவியும் வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். அப்படி ஓட்டுகிறவர்கள் மூவாயிரத்தில் மாற்றுங்கள். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டுகிறவர் இரண்டாயிரத்தில் மாற்றினால் காசுதான் வீண். கிலோமீட்டர் ஏறாமல் நிறுத்தியே வைத்திருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

அண்ணன் காருக்கு வாங்கிய விலை உயர்ந்த சிந்தெட்டிக் ஆயில் ஒரு லிட்டர் மிச்சம் இருக்கிறது. என் பைக்கில் ஊற்றலாமா? எங்கள் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்றும் சொல்கிறார்களே?
- வேலூர் கல்லூரி மாணவர்

தம்பி, ஊற்ற வேண்டாம். காரில் இன்ஜின் ஆயில் இன்ஜினுக்கு மட்டும்தான். நம் பைக்கில் அதே ஆயிலில்தான் கியரும் ஓடுகிறது, கிளட்ச் பிளேட்டும் நனைந்து கிடக்கிறது. கார் ஆயிலில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பார்கள், அது பிளேட்டில் பட்டால் கிளட்ச் ஸ்லிப்பாகும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி போகாது. பைக்குக்கு வாங்கும்போது கேனின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். அது ஜப்பான்காரர்கள் ஆயிலில் நனையும் கிளட்சுக்காகவே வைத்த தரம்.

வெயில் விஷயத்துக்கு வருவோம். கேனில் போட்டிருக்கிற 10டபிள்யூ-30 என்ற கிரேடில் முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்வது, இரண்டாவது எண் நூறு டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. வேலூர் வெயில் எல்லாம் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாததல்ல, அதையும் சேர்த்துத்தான் கிரேடு சொல்கிறார்கள். 10டபிள்யூ-30 கேட்கிற இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏற நேரமாகும், இழுவையும் மைலேஜும் குறையும். அதே 20டபிள்யூ-50 கேட்கிற வண்டிகளும் இருக்கின்றன. கெட்டியா நீர்ப்பா என்று பார்க்காமல் உங்கள் வண்டி எதைக் கேட்கிறது என்று பாருங்கள்.

நானே வீட்டில் ஆயில் மாற்ற ஆசை. பெண்கள் செய்யக்கூடிய வேலைதானா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?
- கும்பகோணம் வாசகி

தாராளமாகச் செய்யலாம் சகோதரி, பலம் தேவைப்படாத வேலை இது, பொறுமைதான் வேண்டும். போல்ட்டுக்குச் சரியான ஸ்பேனர் (ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் 17 நம்பர்), அகலமான பழைய பாத்திரம், புனல், துணி, புது வாஷர், சரியான கிரேடு ஆயில், இவை போதும். இன்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கோடு சேர்ந்து முழுசாக இறங்கும். நீண்ட தூரம் ஓட்டி வந்த கையோடு திறக்காதீர்கள், கை வெந்துவிடும். சைலன்சரும் பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கீழே ஆயில் வடிக்கிற ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். கடைசி மரையை விரலால் மெதுவாகத் திருப்பினால் போல்ட் ஆயிலுக்குள் விழாது. பத்து நிமிடம் சொட்டவிட்டு, வண்டியை இரு பக்கமும் லேசாகச் சாய்த்து மிச்சத்தையும் இறக்குங்கள்.

அடுத்துச் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது முதலில் கையால் மட்டும் திருக வேண்டும். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. கோணலாக ஏற்றி ஸ்பேனரால் அழுத்தினால் மரை போய்விடும், அப்புறம் அதைச் சரி செய்ய லேத் பட்டறைக்கு அலைய வேண்டும். கையால் முழுதும் இறங்கி உட்கார்ந்த பிறகு ஸ்பேனரை வைத்து, இறுக்கம் பிடித்ததும் இன்னும் கொஞ்சம் மட்டும் திருப்பி நிறுத்துங்கள். ஸ்பேனரில் பைப்பைச் செருகி நெம்புகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அப்படி நெம்பி மரை போன வண்டிகள் எங்களிடம் நிறைய வருகின்றன. பழைய வாஷரையே போட்டால் ஒழுகலாம். விலை அதிகமில்லை, புதிதாகப் போடுங்கள்.

ஊற்றும் அளவில் பலர் தவறுகிறார்கள். புத்தகத்தில் இரண்டு அளவு இருக்கும்: இன்ஜினைப் பிரித்து மாட்டினால் ஊற்ற வேண்டியது ஒன்று, வெறும் ஆயில் மாற்றத்துக்கு ஊற்ற வேண்டியது இன்னொன்று. இரண்டாவது குறைவாக இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். ஒரு லிட்டர் கேன் வாங்கினோமே என்று முழுதும் கவிழ்க்காதீர்கள். அதிகமானால் உள்ளே சுற்றுகிற கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், சீல் வழியாகக் கசியும், ஏர் ஃபில்டருக்குள்ளும் ஏறும். மிச்சத்தை மூடி வைத்தால் இடையில் குறைந்ததை நிரப்ப ஆகும். ஊற்றியதும் இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பொறுத்து, குச்சியைப் பாருங்கள். அடியில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காகித ஆயில் ஃபில்டர் இருக்கிற வண்டி என்றால் புத்தகம் சொல்கிற கணக்குப்படி அதையும் மாற்ற வேண்டும். ஸ்பிளெண்டர் வகை இன்ஜினில் காகித ஃபில்டர் கிடையாது, சல்லடையும் சுழன்று அழுக்கைப் பிரிக்கிற ஒரு கிண்ணமும்தான். அவற்றைச் சுத்தம் செய்ய கிளட்ச் பக்கத்து மூடியைத் திறக்க வேண்டும் என்பதால் அதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டால் ஆயில் மாற்றினால் போதுமா?
- சென்னை வேளச்சேரி வாசகர்

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அவற்றில் வீணாகப் போன பல இன்ஜின்கள் தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்ததால் போனவை. சாவியைத் தொடாதீர்கள், செல்ஃப் அடிக்காதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் ஊற்றிய டீ மாதிரி ஆயில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்து உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு, அதே கிரேடில் விலை குறைந்ததை ஊற்றிச் சில நிமிடம் இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி நல்ல ஆயில் ஊற்ற வேண்டும். இன்னும் வெளுப்பாகத் தெரிந்தால் மூன்றாவது முறையும் மாற்றுங்கள். ஏர் ஃபில்டர், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் சுத்தம் செய்வதும் சேர்ந்தே நடக்க வேண்டும், அதனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போவதே பாதுகாப்பு.

என் பழைய வண்டியில் ஆயில் குறையவில்லை, ஏறுகிறது! எப்படி?
- திண்டுக்கல் வாசகர்

குச்சியை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடிக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஃப்ளோட் நீடில் சரியாக மூடாமல், நிறுத்தி வைத்திருக்கும்போது பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்குகிறது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. நீடிலை மாற்றி, ஆயிலையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள். அதுவரை ஓட்ட வேண்டாம். இரவில் பெட்ரோல் டேப்பை மூடி வைக்கிற பழக்கமும் நல்லது.

ஸ்கூட்டருக்கும் பைக் ஆயிலே போதுமா?
- நாகர்கோவில் வாசகி

ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, அதனால் ஜாசோ எம்பி என்று போட்ட ஆயில் அதற்கு ஏற்றது, மைலேஜுக்கும் நல்லது. அவசரத்துக்கு எம்ஏ ஊற்றினால் ஸ்கூட்டர் கெடாது. ஆனால் எம்பி ஆயிலைப் பைக்கில் ஊற்றாதீர்கள். ஸ்கூட்டரின் பின்சக்கரத்துப் பக்கம் கியர் ஆயில் தனியாகக் கொஞ்சம் இருக்கிறது, அதையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது? எங்கள் ஊரில் சாக்கடையில் ஊற்றுகிறார்கள், சிலர் வேலிக் கம்புக்குக் கரையான் வராமல் பூசுகிறார்கள்.
- மன்னார்குடி வாசகர்

இரண்டும் வேண்டாம். சாக்கடையில் ஊற்றியது வாய்க்காலுக்கும் வயலுக்கும்தான் போய்ச் சேரும், பூசியது மழையில் கரைந்து மண்ணில் இறங்கும். மத்திய அரசின் 2016 கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. ஆற விட்டு, புது ஆயில் வந்த அதே கேனில் ஊற்றி மூடி, பட்டறையில் கொடுங்கள். பெரிய பட்டறைகளிலும் சர்வீஸ் சென்டர்களிலும் பேரலில் சேர்த்து, சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துகிற, உரிமம் உள்ளவர்களுக்கு அனுப்புகிறார்கள். கொடுக்கும் முன் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.