கத்திரி வெயில் பற்றிய பழைய நம்பிக்கைகளால் இன்றைக்கு ஏதாவது பயன் உண்டா? இயற்கைக்கும் பிறருக்கும் உதவியாகச் சின்னதாக என்ன செய்யலாம்?

உண்டு. வாசலில் ஒரு மண்பானை வையுங்கள். கத்திரி முடிகிறவரை அது ஒரு நாளும் காலியாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கேள்வியின் இரண்டு பாதிக்கும் என்னிடம் இருக்கும் பதில் இது ஒன்றுதான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம்பிக்கைகள். சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் நுழைவதிலிருந்து ரோகிணி முதல் பாதத்தைக் கடக்கும்வரை அக்னி நட்சத்திரம் என்கிறது பஞ்சாங்கம். நாள்காட்டியில் பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை. வானிலைத் துறை இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வதில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. இதற்குச் சொல்லும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சுவேதகி மன்னன் செய்த யாகங்களில் நெய்யைக் குடித்துக் குடித்து அக்னிக்கு மந்தம் வந்ததாம். அது தீர காண்டவ வனத்தை எரித்துத் தின்றானாம். அந்த நாட்கள்தான் கத்திரி என்பார்கள். கூடவே ஒரு பட்டியலும் உண்டு. மரம் வெட்டக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது, விதைக்கக் கூடாது, நெடுந்தூரப் பயணம் கூடாது, தலைமுடி இறக்கக் கூடாது.

இந்தப் பட்டியலை அப்படியே தூக்கிப் பிடிக்கும் ஆள் இல்லை நான். ஆனால் ஒன்று கவனியுங்கள். மரம் வெட்டாதே, கிணறு தோண்டாதே, நடந்து போகாதே என்பதெல்லாம் கூலிக்காரரை உச்சி வெயிலில் நிறுத்தாதே என்பதும்தான். கிணறு தோண்டியவர் யார், மரம் ஏறியவர் யார் என்று யோசித்தால் புரியும். அந்தக் காலத்தில் அப்படி நினைத்துத்தான் வைத்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. இன்றைக்கு நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நான் திருச்சிக்காரி. எங்கள் ஊரில் கோடைக்காலமே சமயபுரத்தாளிடம்தான் தொடங்கும். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல். அன்றிலிருந்து 28 நாட்கள் அம்மன் பச்சைப் பட்டினி விரதம். மற்ற ஊர்களில் பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பார்கள். இங்கே உலகத்து மக்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனே விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், இவைதான் நைவேத்தியம். வெயில் ஏறும் மாதத்தில் வயிற்றுக்கு எது போதுமோ அதுதான் சாமிக்கும். பின்னால் சித்திரைத் தேருக்கு மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக நடந்து போகிற கூட்டத்துக்கு வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். சின்ன வயதில் நானும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையில் நடந்து, யார் வீட்டு மோர் என்று தெரியாமலே வாங்கிக் குடித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பானை வைக்கும் வழக்கம் என் மாமனாருடையது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். உலைப் பக்கம் நின்றவருக்குத் தாகம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் புங்க மரத்தடியில் மணலைக் கொட்டி, அதன்மேல் பானையை உட்காரவைத்து, மணலையும் காலை மாலை நனைத்துவிடுவார். விடியற்காலையில் முதல் வேலை அதுதான், காபிகூட அப்புறம்தான். அவருக்குப் பின் நானும் என் வீட்டுக்காரரும் செய்கிறோம். இப்போது எங்கள் பெண்ணும் விடுமுறைக்கு வந்தால் குடத்தைத் தூக்கிவிடுகிறாள். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

யார் குடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். தள்ளுவண்டியில் கீரை கொண்டுவருகிற அம்மா, சிலிண்டர் போடுகிற தம்பி, பத்து நிமிடத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று பைக்கில் பறக்கிற பிள்ளைகள், காலையிலிருந்து தெருத்தெருவாகக் குப்பை வாங்குகிற தூய்மைப் பணியாளர்கள். நண்பகலுக்குள் பானையின் அடி தெரிந்துவிடும், மறுபடி நிரப்ப வேண்டும்.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே தூய்மைப் பணியாளர்கள் விஷயத்தால்தான். மாமனார் காலத்தில் பானைமேல் மூடியும் ஒரு எவர்சில்வர் சொம்பும் இருக்கும். எல்லோரும் மொண்டு குடிப்பார்கள். குப்பை வண்டியோடு வருகிற அக்கா மட்டும் தொட மாட்டார். கேட்டுக்கு வெளியே நின்று, "அம்மா, கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்று இரண்டு கையையும் குவிப்பார். "நீங்களே மொண்டு குடிங்கக்கா" என்றால், "வேணாம்மா, யாராவது எதாவது சொல்லுவாங்க" என்பார். யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். அந்த வாரமே தெருவில் ஒருவர், நன்றாகப் படித்தவர், என் வீட்டுக்காரரிடம், "சார், நல்ல காரியம் பண்றீங்க. அவங்களுக்கு மட்டும் தனியா ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வெச்சிட்டா எல்லாருக்கும் சௌகரியம்" என்றார். கோபத்தில் எனக்குக் கை நடுங்கியது. "தனி டம்ளர் வைக்கிறதா இருந்தா பானையையே உடைச்சுப் போட்டுடுவேன்" என்று உள்ளேயிருந்தே சொன்னேன். அதன் பிறகு அவர் எங்களோடு பேசுவதில்லை. பேசாமல் போகட்டும்.

அடுத்த வருடம் அடியில் குழாய் வைத்த பானையாகப் பார்த்து வாங்கினோம். யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம், யாரும் ஊற்ற வேண்டாம், மூடியைத் திறக்க வேண்டாம். குழாயைத் திருப்பினால் தண்ணீர். அந்த அக்கா இப்போது தானே பிடித்துக் குடிக்கிறார், தன் பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு போகிறார். சுகாதாரத்துக்கும் அதுவே நல்லது, எல்லார் கையும் உள்ளே போவதில்லை. நீங்கள் வைப்பதாக இருந்தால் குழாய்ப் பானைதான் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாதியை ஏன் இழுக்கிறாய் என்று கருத்து எழுதக் கை பரபரப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தண்ணீர்ப் பந்தலின் கதையே அங்கேதான் இருக்கிறது. திருவையாற்றுப் பக்கம் திங்களூரில் அப்பூதி அடிகள் வைத்த தண்ணீர்ப் பந்தல் பெரியபுராணத்தில் வருகிறது. அவர் அந்தணர். நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசர்மேல் பக்தி. நாவுக்கரசரோ வேளாளர். பந்தலுக்கு அவர் பெயர், பெற்ற பிள்ளைகளுக்கும் அவர் பெயர். நாவுக்கரசரே அந்த வழியாக வந்து, உங்கள் பெயரை வைக்காமல் வேறொருவர் பெயரை வைத்தது ஏன் என்று கேட்டபோது, கேட்டவர் யாரென்று தெரியாமல் அப்பூதி சினந்தார் என்கிறது புராணம். நம் மண்ணில் தண்ணீர்ப் பந்தல் என்றாலே நினைவுக்கு வர வேண்டிய கதை அது. இதில் எனக்கு முன்னால் வேறு யாராவது சாதியை இழுத்திருந்தால் அவர் சேக்கிழார்தான்.

நம் ஊர்ப் பந்தல்களுக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் வந்தால் ஒவ்வொரு முக்கிலும் கொட்டகை போடுகிறார்கள். பெரிய பதாகை, மாலை, மேசை நிறையத் தர்பூசணி, வெள்ளரிக்காய், ரோஸ் மில்க். படம் எடுத்து முடிகிறது. மூன்றாம் நாள் போய்ப் பாருங்கள். பானை காய்ந்து கிடக்கும், பக்கத்தில் பிளாஸ்டிக் டம்ளர் குவியல் இருக்கும். எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை, எல்லோரும்தான். தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. தர்மம் செய்கிற இடத்திலேயே அந்தத் தடையை மீறுகிறார்கள். சோழர் காலத்தில் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்டவர்கள், நீர் கொண்டுவருபவருக்கும் ஊற்றுபவருக்கும் பானை செய்து தருகிற குயவருக்கும் அதிலிருந்து பங்கு ஒதுக்கிக் கல்லில் வெட்டிவைத்தார்கள். திறப்பு விழாவைவிட நாள்தோறும் நிரப்புவதுதான் பெரிய வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். எங்கள் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மே மாதத்திலும் சிறப்பு வகுப்பு. பத்தாவது, பன்னிரண்டாவது போகப்போகிற பிள்ளைகள். மதியம் ஒரு மணிக்கு விடுகிறார்கள், சரியாக உச்சி வெயிலில். முதுகில் மூட்டை, கையில் காலி பாட்டில், முகம் சிவந்து எங்கள் வாசலில் வந்து நிற்கும். விடுமுறை என்று ஒன்று எதற்கு விட்டார்கள்? 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு அறிவித்தது. பேரிடர் நாளில் பிள்ளையை ரோட்டில் விடுகிற பெற்றோரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மதிப்பெண் குறைந்துவிடுமாம். நானும் பிள்ளை வளர்த்தவள்தான், எனக்கு இது புரியவே இல்லை.

சரி, பானைக்கு வருகிறேன். மண்பானை குளிர்வது மந்திரத்தால் இல்லை. சுவரிலிருக்கும் நுண்துளை வழியாக நீர் கசிந்து வெளியே வந்து ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும், அதை உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் காற்று வறண்டிருக்கும் திருச்சி, கரூர், வேலூர் பக்கம் பானை நன்றாகக் குளிரும். கடலோரத்தில் புழுக்கம் அதிகம், அங்கே இதே அளவு எதிர்பார்க்க வேண்டாம். அங்கேயும் நிழலில், காற்று படும் இடத்தில் வைத்தால் குடிக்கிற அளவுக்கு இதமாக இருக்கும். வழவழவென்று பெயிண்ட் அடித்த பானை வாங்காதீர்கள், துளை அடைந்துவிடும், குளிராது. புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். சோப்பு போடவே கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் கொஞ்ச நேரம் வெயிலில் காயவைத்தால் போதும். அடுத்த வருடம் உப்புப் படிந்து குளிர்ச்சி குறைந்தால் அதில் கீரை விதைத்துவிடலாம்.

"குழாய்த் தண்ணீரைக் கொடுத்து நோய் வரவைக்கிறீர்களா" என்று ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் நாங்கள் என்ன குடிக்கிறோமோ அதுதான் பானையிலும். உங்கள் வீட்டில் வடிகட்டிக் குடித்தால் வடிகட்டியதை ஊற்றுங்கள், காய்ச்சிக் குடித்தால் காய்ச்சி ஆறவைத்ததை ஊற்றுங்கள். நமக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என்று வைக்கக் கூடாது.

முடிந்த நாளில் நீர்மோர். 1 லிட்டர் தயிருக்கு 5 லிட்டர் தண்ணீர் தாங்கும். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. வியர்வையில் போகிற உப்பை வெறும் தண்ணீர் திருப்பித் தராது, மோர் தரும். பதினொரு மணிக்குக் கடைந்து ஒரு மணிக்குள் தீர்த்துவிடுங்கள், அதற்குமேல் புளித்துவிடும். பானகம் எனக்கும் பிடிக்கும், ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதிகம் என்பதால் பொது இடத்தில் மோரையே வைக்கிறேன். யாராவது மயங்கி விழுந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குத் தூக்கி, உடம்பில் ஈரத்துணி போட்டு விசிறிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

பறவைக்கு மொட்டைமாடியில் தண்ணீர் வைப்பவர்கள் அகலமான, ஆழமில்லாத மண்தட்டில் வையுங்கள், தினமும் கொட்டி மாற்றுங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டால் கொசு பொரித்துப் பறந்துவிடும்.

"ஒரு பானையால் பூமி குளிர்ந்துவிடுமா" என்ற கேள்வியும் வரும். குளிராது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. அந்த ஒரு மணி வெயிலில் ஒருவர் பிளாஸ்டிக் பாட்டில் வாங்காமல், காசு கொடுக்காமல், கெஞ்சாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். நம் முன்னோர் அறிவாளிகள் என்று வாட்ஸ்அப்பில் காலை எழுந்ததும் பத்துப் பேருக்கு அனுப்புகிறவர்கள், அதில் ஒரு பழக்கத்தையாவது வாசலில் செய்து காட்டினால் எனக்குச் சந்தோஷம்.

நீங்கள் அடுக்குமாடியில் இருப்பவர் என்று நினைக்கிறேன், 'சின்னதாக' என்று கேட்டிருப்பதால். சங்கத்தில் ஆட்சேபம் வரும். வாசல் அழுக்காகும், வெளியாட்கள் நிற்பார்கள் என்பார்கள். காவலாளி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், கேட்டுக்கு வெளியே கை நீட்டினால் எட்டும்படி வைக்கக் கேளுங்கள். அவரிடமே முதலில் பேசுங்கள், அவருக்கும் அது வேண்டியிருக்கும். நிரப்பும் வேலையை அவர் தலையில் கட்டிவிடாமல் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். பானையைச் சித்திரை பிறந்ததுமே வாங்கிவிடுங்கள். கத்திரி தொடங்கிய பிறகு போனால் நல்ல பானையெல்லாம் போய், விரிசல் விட்டதுதான் மிச்சம் இருக்கும்.