ரியோஹா திராட்சைச் சாலைகளில் சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: நானும் என் கணவரும் (எனக்கு வயது 52, அவருக்கு 57) கோவையில் வார இறுதிகளில் 50, 60 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறோம். அக்டோபரில் ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் ஐந்து நாள் ஓட்ட ஆசை. வெளிநாட்டவர் அங்கே சைக்கிள் ஓட்ட ‘ஃபெடரேஷன் லைசென்ஸ்’ கட்டாயம், பின்னால் வேன் வராமல் போவது ஆபத்து என்கிறார் ஏஜென்ட். விமானக் கட்டணம் போக, ஒருவருக்கு 2,85,000 ரூபாய் கேட்கிறார். எனக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் மின்சார சைக்கிள் எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். நாங்களாகவே போக முடியாதா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஸ்பெயினில் சாதாரண சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் கிடையாது, பதிவு எண் கிடையாது. உள்ளூர்க்காரருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. ஃபெடரேஷன் லைசென்ஸ் என்று ஒன்று இருப்பது உண்மைதான். அது சைக்கிள் சங்க உறுப்பினர்கள் காப்பீட்டுக்காகவும் போட்டிகளில் ஓடுவதற்காகவும் எடுப்பது. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவரிடம் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். இல்லாத கட்டாயத்தைச் சொல்லிப் பணம் வாங்குவது இந்தத் தொழிலில் அதிகமாகிவிட்டது. ஏஜென்ட் தரும் பட்டியலில் ‘பெர்மிட்’, ‘லைசென்ஸ்’, ‘சாலை அனுமதி’ என்று எந்த வரி இருந்தாலும், அது எந்தச் சட்டப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பதில் வராது.

மின்சார சைக்கிளில் மட்டும் ஒரு விஷயம் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படுவது அதுதான். மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. மிதித்தால்தான் அது உதவ வேண்டும். வேகம் 25 கி.மீ.யைத் தொட்டதும் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஐரோப்பியச் சட்டப்படி அது வெறும் சைக்கிள்தான். மிதிக்காமல் கைப்பிடியைத் திருகினாலே ஓடும் வண்டியும், மணிக்கு 45 கி.மீ. வேகம் வரை மோட்டார் உதவும் வண்டியும் அந்தக் கணக்கில் வராது. சட்டம் அவற்றை மொபெட்டாகப் பார்க்கிறது. அதற்கு ஓட்டுநர் உரிமம், காப்பீடு, நம்பர் பிளேட் எல்லாம் வேண்டும். எனவே வாடகைக் கடையில் சைக்கிளின் ஃபிரேமில் ஒட்டியிருக்கும் தகட்டைக் குனிந்து பாருங்கள். வாட், கி.மீ. இரண்டும் அதிலேயே இருக்கும். தகட்டைச் சுரண்டி எடுத்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். முழங்கால் வலியோடு அந்த ஊர் ஏற்றங்களுக்கு மின்சார சைக்கிள் நல்ல முடிவு. தயங்க வேண்டாம்.

சரி, வேன். அது வசதி, அவ்வளவுதான். எப்ரோ ஆற்றை ஒட்டிய இந்தப் பகுதியில் ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன. வேன் உண்மையில் சுமப்பது உங்கள் பெட்டியைத்தான். பெட்டியோடு தினம் ஊர் மாறாமல், லாகுவார்தியாவில் மூன்று இரவு, ஆரோ என்ற ஊரில் இரண்டு இரவு தங்கிச் சுற்றிவந்தால் வேனுக்கு வேலையே இல்லை. லாகுவார்தியாவிலிருந்து இறக்கத்தில் எல்சியேகோ. ஃபிராங்க் கெரி வடிவமைத்த, நெளிந்த உலோகக் கூரை போட்ட ஓட்டல் அங்கேதான் இருக்கிறது. ஆரோவிலிருந்து பிரியோனெஸ், அங்கே ஆற்றைக் கடந்து சான் விசெந்தே, அப்புறம் திராட்சைத் தோட்டங்கள் வழியே திரும்பி வரலாம். உங்கள் வார இறுதி ஓட்டத்தை விட இதில் தூரம் குறைவு. கணவருக்கு இன்னும் ஓட்ட ஆசை இருந்தால், லாகுவார்தியாவுக்கு வடக்கே மலையேறும் எரேரா கணவாய் இருக்கிறது, உயரம் சுமார் 1,100 மீட்டர். கீழே முழுப் பள்ளத்தாக்கும் தெரியும்.

லாகுவார்தியா குன்றின் மேல் மதிலோடு நிற்கும் ஊர். அதற்கு அடியில் ஒயின் வைக்கும் பழைய நிலவறைகள் குடைந்து கிடக்கின்றன. பாரம் தாங்காது என்பதால் உள்ளே கார்களை விடுவதில்லை. கற்கள் பாவிய சந்துகள். மெல்லிய டயர் அதில் வழுக்கும், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

சாலை எண் விஷயத்தில் கவனம் வேண்டும். ஏ-124 லாகுவார்தியா வழியாகப் போகும் சாதாரணச் சாலை. ஏ-12 லொக்ரோன்யோ நகரிலிருந்து கிளம்பும் விரைவுச்சாலை, நீலப் பலகை போட்டது. அதில் ஏறவே ஏறாதீர்கள். ஒரே ஓர் எண்தான் வித்தியாசம், போன் வரைபடம் கார் வழியைக் காட்டிவிட்டால் வட்டச்சந்திப்பில் தவறு நடந்துவிடும். அதேபோல் ஏஜென்டுகளின் பயணத்திட்டத்தில் ‘பியா பெர்தே’ என்று இருக்கும். பழைய ரயில் பாதையைச் சைக்கிளுக்கு மாற்றியது. எஸ்கராய்க்குப் போகும் ஓஹா ஆற்றுப் பாதை 28 கி.மீ., கார் தொல்லை இல்லாத அழகான பாதை. ஆனால் அது தார்ச்சாலை அல்ல, கெட்டிப்படுத்திய மண். ரேஸ் சைக்கிளையும் கொடுத்து இந்தப் பாதையையும் எழுதித் தரும் திட்டத்தை நான் பலமுறை பார்த்துவிட்டேன். அதை எழுதியவர் அந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்தவரே இல்லை. அதற்கு அகல டயர் வேண்டும்.

இனி நான் யாரிடமும் சொல்லாமல் விடாத விஷயம், பிரேக். நம் ஊர் சைக்கிளில் வலது கைப்பிடி முன் பிரேக். அங்கே பொதுவாக இடது கைப்பிடிதான் முன் பிரேக். போக்குவரத்தும் சாலையின் வலது பக்கம். முதல் முறை போனபோது, ஓர் இறக்கத்தில் தோட்டத்து டிராக்டர் குறுக்கே வந்ததும் பழக்கத்தில் இடது கையை அழுத்தினேன். பின் பிரேக் என்று நினைத்து அழுத்தியது முன் சக்கரத்தைப் பிடித்தது. பின் சக்கரம் தரையை விட்டு எழும்பி, மறுபடி விழுந்தது. கடைக்காரரிடம் கேட்டால் பிரேக் கம்பிகளை இடம் வலமாக மாற்றித் தருவார், சில பிரேக்குகளில் அது முடியாது. முடியாவிட்டால் முதல் அரைமணி நேரம் சமதளத்தில் ஓட்டிக் கையைப் பழக்குங்கள்.

சைக்கிளை வாடகைக்கு எடுக்கும்போது ஃபிரேம், கியர், சக்கர விளிம்பு என எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே போனில் படமெடுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்காக ஒரு கடையில் என் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் படம் இல்லை, வாதாடவும் மொழி இல்லை.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். காதில் பாட்டு கேட்டபடி ஓட்டக்கூடாது. இருவர் பக்கவாட்டில் சேர்ந்து ஓட்டலாம். உங்களைத் தாண்டும் வண்டி குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும், அங்கே பெரும்பாலும் விடுகிறார்கள். அவசரத்துக்கு 112. ஒயின் ஊருக்குப் போகிறீர்கள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மது அளவுச் சட்டம் சைக்கிள் ஓட்டுபவருக்கும் உண்டு. ஊதிப் பார்க்கச் சொன்னால் ஊதியே ஆக வேண்டும், அளவு மீறினால் அபராதம் 500 யூரோவிலிருந்து தொடங்கும். காலை 11 மணிக்கு ஒயின் ருசி, பிறகு 30 கி.மீ. என்று போடும் திட்டம் பொறுப்பற்றது. அன்றைய ஓட்டம் முடிந்து சைக்கிளை நிறுத்திவிட்டுப் போங்கள். ஒயின் ஆலைகளில் முன்பதிவு செய்துகொள்வதும் அவசியம்.

விசாவுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வரும் இடம் இது. சுற்றுலா ஷெங்கன் விசாவுக்கு இரண்டு பேருக்கும் தலா 90 யூரோ, அதற்கு மேல் விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் அப்பாயின்ட்மென்ட் திறந்த சில நிமிடங்களில் காணாமல் போய், இடைத்தரகர் கையில் விலைக்கு வருகிறது. எத்தனை பேர் புகார் சொல்லியும் இதை யாரும் சரிசெய்யவில்லை. நேர்மையாக முயற்சி செய்பவர் இரவு பகலாகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, இது பெரிய அநியாயம். இருந்தாலும் தரகருக்குப் பாஸ்போர்ட் நகலைக் கொடுக்காதீர்கள். பொய்யான ஓட்டல் பதிவுச்சீட்டு விற்பவரிடம் அறவே போகாதீர்கள், அது பிடிபட்டால் நிராகரிப்பு உங்கள் பெயரில்தான் பதிவாகும். கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய உண்மையான அறைகளை நீங்களே பதிவு செய்யுங்கள். பயணக் காப்பீட்டில் மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. சைக்கிள் ஓட்டும்போது விழுந்தால் பணம் கிடைக்குமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ‘சாகச விளையாட்டு’ என்ற ஒரு சொல்லை வைத்துத் தட்டிக்கழிப்பார்கள்.

கடைசியாக, தேதி. செப்டம்பர் 21-ஐ ஒட்டி லொக்ரோன்யோவில் சான் மத்தேயோ திருவிழா, அறை கிடைப்பது கடினம். அக்டோபர் முதல் பாதியில் போனால் அறுவடை பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும். திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் மெதுவாகப் போகும், டிரெய்லரிலிருந்து சாறு ஒழுகும். வளைவில் தார் கருப்பாக, ஈரமாகப் பளபளத்தால் மழைத் தண்ணீர் என்று நினைக்காதீர்கள். அது பிசுபிசுக்கும் சாறு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக் பிடிக்காமல், சைக்கிளைச் சாய்க்காமல் கடந்து போங்கள்.