ஆம்புலன்ஸ் வந்த பிறகும் ஏன் உடனே கிளம்புவதில்லை?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். போன வாரம் காலையில் அப்பாவுக்குத் திடீரென்று பேச்சு குழறியது, சட்டை நனைய வியர்த்தது. வயது 68, சர்க்கரை நோய் உண்டு. 108-க்குப் போன் போட்டோம். வந்தவர்கள் உடனே தூக்கிக்கொண்டு போகாமல் விரலில் குத்துவதும் கையைப் பிடித்துப் பார்ப்பதுமாக இருந்தார்கள். நேரம் வீண்தானே?

பதில்: வீண் இல்லை. ஆனால் அந்தப் பதற்றத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"ஐயா, உங்க பேர் என்ன?" என்று கேட்பதே முதல் சோதனை. தெளிவாகப் பதில் வந்தால், மூச்சுப்பாதை அடைபடவில்லை, நினைவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் ஆம்புலன்ஸில் வந்தவர் மணிக்கட்டைப் பிடிப்பார். கண் மட்டும் நெஞ்சின் மேல் இருக்கும். நாடி பார்க்கிற சாக்கில் மூச்சையும் எண்ணுகிறார். எண்ணுவது தெரிந்தால் நாமே அறியாமல் மூச்சை மாற்றிவிடுவோம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 30-ஐத் தொட்டால் ஆபத்து.

உங்கள் அப்பாவுக்கு விரலில் குத்தியதுதான் முக்கியமான வேலை. சர்க்கரை 70-க்குக் கீழே போய் இன்னும் இறங்கினால் வியர்க்கும், பேச்சு குழறும், சிலருக்கு ஒரு பக்கக் கைகால்கூடத் தளரும். பார்க்கப் பக்கவாதம் மாதிரியே இருக்கும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால் பலர் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார்கள். சர்க்கரை சரியாக இருந்தும் குழறினால் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் வேண்டும். அதனால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதே மாறிவிடும். பக்கத்து நர்சிங் ஹோமில் இறக்கி, அங்கிருந்து மறுபடி பேசின் பிரிட்ஜ் நெரிசலில் அனுப்பினால் போகிற நேரம்தான் வீண். விபத்தில் ரத்தம் கொட்டுகிறவர் என்றால், அழுத்திக் கட்டிவிட்டு உடனே கிளம்பிவிடுவார்கள்.

அடுத்த முறை, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை முதலில் சொல்லுங்கள். எழும்போதே குழறியிருந்தால், முந்தின இரவு நன்றாகப் பேசிப் படுத்த நேரத்திலிருந்துதான் அந்த 4.5 மணி நேரக் கணக்கு. இன்சுலின் போட்டாரா, சாப்பிட்டாரா என்பதையும் சொல்லி, மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் ஒருவர் கீழே நின்று லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும். மயங்கியவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்; நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.